சால்மன் டப்பாக்கள் பிரதிவாதியான வழக்குகள்: ஓர் ஆவணச் சேவை பற்றிய மதிப்புரை

அமெரிக்காவில் 1906ஆம் ஆண்டு இயற்றப்பட்ட உணவு, மருந்துச் சட்டத்தின் கீழ் நடந்த வழக்குகளின் தீர்ப்பறிக்கைகளை அந்நாட்டுத் தேசிய மருத்துவ நூலகம் ஸ்கேன் செய்து, கட்டணமின்றிப் படிக்கத் தருகிறது. தீர்ப்புக்குப் பின் விவரத்தை வெளியிட வேண்டும் என்று அச்சட்டத்தின் 4ஆம் பிரிவே கட்டளையிட்டதால்தான் இவை நமக்குக் கிடைத்திருக்கின்றன. கடலுணவு வழக்குகளை மட்டுமே நான் தேடிப் படித்தேன்.

முதலில் சிப்பி வழக்குகளைப் படிப்பது நல்லது. ஓட்டிலிருந்து எடுத்த சிப்பிச் சதையை நன்னீரில் ஊறவைத்தால், உப்பு வெளியேறி நீர் உள்ளே புகுந்து, சதை கொழுகொழுவென்று உப்பிவிடும். பாலில் தண்ணீர் கலப்பவரின் கணக்குதான் இதுவும். நீர் கலந்ததால் தரம் குறைந்தது, சிப்பிக்குப் பதிலாக ஓரளவு நீர் விற்கப்பட்டது, சிப்பியின் சத்து ஓரளவு நீக்கப்பட்டது என்று ஒரே ஊறலைப் பல குற்றச்சாட்டுகளாகப் பிரித்து அடுக்கும் அரசுத் தரப்பின் நுணுக்கத்தை ரசிக்காமல் இருக்க முடியவில்லை.

பறிமுதல் வழக்குகளில் பிரதிவாதி மனிதரல்லர், சரக்கே. அதனால் ‘அமெரிக்க அரசு எதிர் இத்தனை பெட்டி சால்மன்’ என்ற பாணியில் தலைப்புகள் வருகின்றன. உரிமை கோரி எவரும் வராவிட்டால் சரக்கை அழிக்க உத்தரவாகும். வந்தவர் செலவைச் செலுத்திப் பிணைப்பத்திரம் கொடுத்தால், கெட்டதைக் கழித்து நல்லதை மீட்டுக்கொள்ளலாம். அழுகிய சால்மனைக் கண்டறிய, டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்க்கும் பயிற்சி பெற்ற மூக்கையே பெரிதும் நம்பினார்கள். முதல் குற்றத்துக்கு அபராதம் 200 டாலருக்கு மேல் போகாது என்பதால், வியாபாரிக்கு வலித்தது சரக்கின் இழப்பாகத்தான் இருந்திருக்கும்.

குறையும் உண்டு. அறிக்கைகள் ஒரே வார்ப்பில் அமைந்தவை. கெட்ட மீனைத் தின்றவர் என்ன ஆனார் என்று அவை சொல்வது அரிது. இருந்தும், டப்பா இறாலுக்கு 1934ஆம் ஆண்டுத் திருத்தம் ஏன் தேவைப்பட்டது என்பதை அறிய விரும்புவோர் அதற்கு முந்தைய இறால் வழக்குகளைப் படிக்கலாம். தொழிற்சாலையே கட்டணம் செலுத்தி அரசு ஆய்வாளரை உள்ளே அமர்த்திக்கொள்ள வழிசெய்தது அத்திருத்தம்.