ஓட்டை போட்ட சிலிக்கானா, நானோகம்பியா: வெப்பத்தை எது நன்றாகத் தடுக்கிறது?

ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் தோல் தொழிற்சாலைக் கொதிகலன்கள் புகைபோக்கி வழியாக வெப்பத்தை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கின்றன. அதைப் பார்த்து வளரும் நம் பிள்ளைகளுக்கு, வீணாகும் வெப்பத்தில் மின்சாரம் எடுத்தால் என்ன என்று ப்ராஜெக்ட் யோசனை வருவது இயல்புதான். அதற்கான பொருளில் மின்சாரம் தாராளமாக ஓட வேண்டும், வெப்பம் ஓடக்கூடாது. சிலிக்கான் இங்கேதான் இடறுகிறது. அறை வெப்பநிலையில் அதன் வெப்பக் கடத்துதிறன் ஒரு மீட்டருக்கு, ஒரு கெல்வினுக்குச் சுமார் 148 வாட். கண்ணாடிக்கு ஒன்றரைகூட வராது.

சிலிக்கான் படலத்தை வெறுமனே மெல்லியதாக்கினாலே கொஞ்சம் பலன் உண்டு. 20 நானோமீட்டர் தடிமனில், படலத்தின் நீளவாக்கில் 148 என்பது 22 அளவுக்கு இறங்கிவிடும். ஆனாலும் அது போதாது.

அடுத்தது நானோகம்பி. பரப்பு கரடுமுரடாக இருக்கும் 50 நானோமீட்டர் கம்பிகளில் வெப்பக் கடத்தல் ஏறக்குறைய நூறில் ஒரு பங்காகக் குறைந்ததை 2008-இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகக் குழு காட்டியது. வெப்பத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் தகுதியைச் சொல்லும் இசட்டி (ZT) எண் 0.6 வரை போனது. அருமையான முடிவு, சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு கருவி செய்ய இப்படி ஆயிரக்கணக்கான கம்பிகளை அடுக்கி, ஒவ்வொன்றின் இரு முனையிலும் நல்ல மின்தொடர்பு கொடுக்க வேண்டும். ஒடிந்தும் போகும். எனக்கு இதில் நம்பிக்கை குறைவு.

நான் ஓட்டை போட்ட படலத்தின் பக்கம். 2010-இல் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகக் குழு 22 நானோமீட்டர் தடிமனுள்ள படலத்தில் 34 நானோமீட்டருக்கு ஒரு துளை வீதம் வலைபோல் போட்டது. கடத்துதிறன் 2 வாட் அளவுக்கு வந்தது. அதே ஆண்டு பெர்க்லி குழுவும் துளையிட்ட சிலிக்கானில் 0.4 இசட்டி எடுத்தது. எண் கம்பியைவிடக் குறைவுதான். ஆனால் படலம் படலமாகவே இருக்கிறது. சிப் தொழிற்சாலையில் உள்ள முறைகளைக் கொண்டே செய்யலாம், விளிம்பில் உலோகம் பூசினால் மின்தொடர்பு தயார்.

"முப்பது சதவீதம் ஓட்டை போட்டா வெப்பமும் அவ்வளவுதானே சார் குறையும்?" என்று மாணவர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. பழைய சூத்திரப்படி, நேராகத் துளைத்த படலத்தில் 30 சதவீத நுண்துளைமைக்கு கடத்துதிறன் ஏறக்குறைய பாதியாகத்தான் குறைய வேண்டும். 22-இல் பாதி 11. கால்டெக் படலத்தில் துளைகளின் பங்கு முப்பது சதவீதத்துக்கும் குறைவு, ஆனால் கிடைத்ததோ 2. மீதிக் குறைவு எங்கிருந்து வந்தது?

வேலூர் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சிறு அடி வைக்கும் குழந்தை தூண்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போய்விடும். ஒரே தாவலில் மண்டபத்தைக் கடக்கப் பார்ப்பவன் தூணில் மோதியே தீர வேண்டும். சிலிக்கானில் வெப்பத்தைச் சுமப்பவை போனான்கள் எனப்படும் அணு அதிர்வு அலைகள். அவை மோதலுக்கு முன் நூற்றுக்கணக்கான நானோமீட்டர் ஓடுகின்றன. ஒரு மைக்ரோமீட்டரைத் தாண்டுபவையும் நிறைய. மின்சாரம் நன்றாக ஓடுவதற்காக வேண்டுமென்றே வேறு தனிமத்தை மாசாகச் சேர்த்த சிலிக்கானில் எலெக்ட்ரானின் மோதலிடைத் தூரம் சில நானோமீட்டர்தான். இந்த வித்தியாசம்தான் துளைக்கு வேலை கொடுக்கிறது.

அதனால் எத்தனை சதவீதம் ஓட்டை என்பதைவிட, இரண்டு துளைகளுக்கு நடுவே மிஞ்சும் இடைவெளி எவ்வளவு என்பதே முக்கியம். ஒரே 30 சதவீதத்தைப் பெரிய துளைகளாக, விலகி விலகிப் போட்டால் நீண்ட தூரம் ஓடும் போனான்கள் தப்பிவிடும். ப்ராஜெக்ட் அறிக்கையில் நுண்துளைமையை மட்டும் எழுதி இடைவெளியை விட்டுவிட்டால் பாதி விஷயம் போய்விடுகிறது.

துளைகளை ஒழுங்கான வரிசையில் போட்டால் அலைக் குறுக்கீட்டால் வெப்பம் இன்னும் குறையுமா? இதில் நீண்ட சர்ச்சை நடந்தது. டோக்கியோ பல்கலைக்கழகக் குழு 2017-இல் ஒழுங்கான வரிசையையும் கலைந்த வரிசையையும் பக்கத்தில் பக்கத்தில் அளந்தது. 4 கெல்வினில், அதாவது சுமார் மைனஸ் 269 டிகிரி செல்சியஸில், வித்தியாசம் தெரிந்தது, 10 கெல்வினுக்கு மேல் மறைந்தது. அறை வெப்பநிலையில் போனானின் அலைநீளம் சில நானோமீட்டர்தான். துளைச் சுவரின் சொரசொரப்பே அதன் ஒழுங்கைக் கலைத்துவிடும். ஆக, நம் ஊர் வெயிலில் வேலை செய்யும் கருவிக்கு வரிசை அழகுக்காக மெனக்கெட வேண்டியதில்லை.

அப்படியானால் அமிலத்தில் அரித்தெடுக்கும் பஞ்சு மாதிரியான நுண்துளை சிலிக்கான் போதுமே? பெல் ஆய்வகத்தில் 1956-லேயே கண்ட பொருள், செலவும் குறைவு. வெப்பத்தைப் பிரமாதமாகத் தடுக்கும். ஆனால் மின்சாரத்தையும் சேர்த்துத் தடுத்துவிடும், காற்றில் எளிதில் ஆக்சைடாகும். வெப்பக்காப்புக்கு இதை எடுக்கலாம், மின்சாரம் தயாரிக்க இது உதவாது.

சரி, கொதிகலன் சுவரில் எதை ஒட்டுவது? இன்றைக்குக் கடையில் கிடைக்கும் பிஸ்மத் டெலுரைடு மாட்யூல்தான். இசட்டி 1-ஐ ஒட்டியது, தடிமனும் உண்டு. துளைப் படலத்தின் பலமெல்லாம் நீளவாக்கில். சில பத்து நானோமீட்டர் தடிமனுக்குக் குறுக்கே வெப்பநிலை வேறுபாட்டைத் தாங்கிப் பிடிப்பது கடினம். அதன் இடம் சிப்போடு சேர்ந்த சின்ன உணரிகளில். டெலூரியம் அரிதான தனிமம், சிலிக்கானுக்கோ பஞ்சமில்லை. அதனால்தான் இந்த ஓட்டைகளை விடாமல் பின்தொடரச் சொல்கிறேன்.