செம்பு என்று விற்கப்பட்ட அலுமினியம்: கோயில் மண்டபத்து ஒலியமைப்பில் நாங்கள் ஏமாந்தது

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த்தில் உள்ள எங்கள் சிறிய கோயிலின் பஜனை மண்டபத்துக்கு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் ஒன்றும் ஸ்பீக்கர்கள் நான்கும் நன்கொடையாக வந்தன. அவற்றை இணைத்துத் தர ஒரு கடைக்காரரை அழைத்தோம். கேபிளுக்கும் கூலிக்குமாக அவர் 6,800 ரேண்ட் கேட்டார். புரட்டாசிச் சனிக்கிழமைகள் நெருங்கிவிட்டதால் நானே என் கையிலிருந்து முழுத் தொகையையும் முன்னதாகக் கொடுத்து, என் பெயரில் ரசீது வாங்கிக்கொண்டேன். விவகாரம் இன்னும் முடியாததால் கடையின் பெயரை எழுதவில்லை. காவடிக்கு முன் இதே வேலைக்கு ஆள் தேடும் கோயில்களும் தமிழ்ச் சங்கங்களும் இருக்கும் என்பதால், நடந்ததை மட்டும் விவரமாக எழுதுகிறேன்.

முதல் சனிக்கிழமையே பாட்டு வெடித்து வந்தது. மெதுவாகப் பாடினாலும் குரல் கரகரத்தது. தாளச் சத்தம் கனத்துப்போய் மற்ற எல்லாவற்றையும் மூடியது. மறுநாள் வந்து பார்த்த கடைக்காரர், மைக்குகளின் ஒலியைக் கலந்து ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும் எங்கள் மிக்ஸர் கெட்டுவிட்டது என்று சொல்லிப் புதிய மிக்ஸர் ஒன்றை விற்றார். புதியதிலும் அதே கரகரப்பு. கடைசியில் வால்யூமை மிகவும் குறைத்து வைத்துக்கொள்ளும்படி சொல்லிவிட்டுப் போனார். உண்மையில் அவர் மிக்ஸரிலிருந்து வந்த கேபிளை ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கத்தில் 'போனோ' என்று எழுதியிருந்த துளையில் செருகியிருந்தார். அந்தத் துளை இசைத்தட்டு ஓட்டும் கருவிக்கானது. தட்டின் மீது ஓடும் ஊசியிலிருந்து வரும் மின்னழுத்தம் ஏறத்தாழ 5 மில்லிவோல்ட்தான் என்பதால், அந்த உள்ளீடு அதைப் பல மடங்கு பெருக்குவதோடு, தாழ்ந்த ஒலிகளை வேண்டுமென்றே உயர்த்தியும் கொடுக்கும். எங்கள் மிக்ஸரின் ரெக்கார்டிங் வெளியீட்டிலிருந்து வருவதோ சுமார் 0.3 வோல்ட், அதாவது அறுபது மடங்கு. பக்கத்திலேயே மற்றக் கருவிகளுக்கென்று இருந்த 'ஆக்ஸ்' துளைக்கு மாற்றியிருந்தால் ஒரு நிமிடத்தில் தீர்ந்திருக்கும் குறைக்கு, நாங்கள் ஒரு மிக்ஸரின் விலையைக் கொடுத்தோம்.

மூன்றாம் சனிக்கிழமை, பாட்டு நடந்துகொண்டிருந்தபோதே ஆம்ப்ளிஃபயர் அணைந்தது. மின்வெட்டு முடிந்து கரண்ட் திரும்பியபோது பாய்ந்த மின்சாரத்தால் கெட்டது என்று கடைக்காரர் காரணம் சொன்னார். எங்கள் பகுதிக்கான அட்டவணையில் அன்று மின்வெட்டே இல்லை. இருந்தாலும் அவர் பெட்டியைக் கொண்டுபோய், டிரான்சிஸ்டர்களை மாற்றியதாக இன்னொரு ரசீதோடு திரும்பி வந்தார். அடுத்த வாரமே மீண்டும் சூடேறத் தொடங்கியது.

அதன் பிறகுதான் ரேடியோ பழுதுபார்க்கும் தொழிலிலிருந்து ஓய்வுபெற்ற எங்கள் மாமா ஒருவரைக் கூப்பிட்டோம். அதை முதலிலேயே செய்யாததற்கு இன்றும் வருந்துகிறேன். பெட்டியின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்த உடனேயே அவர், "தம்பி, நாலு ஸ்பீக்கரையும் ஒரே பக்கத்தில் கட்டியிருக்கிறான், மறுபக்கம் காலியாகக் கிடக்கிறது" என்றார். மிக்ஸரிலிருந்து இரண்டு கேபிள்கள் இழுக்க வேண்டிய இடத்தில் ஒன்றை மட்டும் இழுத்துவிட்டு, ஓசை வரும் இடது பக்கத்திலேயே எல்லா ஸ்பீக்கர்களின் கம்பிகளையும் சேர்த்து முறுக்கியிருந்தார்கள். ஒவ்வொரு ஸ்பீக்கரின் மின்தடையும் 8 ஓம். இரண்டை இணையாகக் கட்டினால் 4 ஓம், நான்கைக் கட்டினால் 2 ஓம். ஓம் குறையக் குறைய ஆம்ப்ளிஃபயரிலிருந்து இழுக்கப்படும் மின்னோட்டம் கூடி, அது சூடேறும். 4 ஓமுக்குக் குறையக் கூடாது என்று ஸ்பீக்கர் முனைகளுக்கு மேலேயே அச்சிட்டிருந்தது. பக்கத்துக்கு இரண்டாகப் பிரித்திருந்தால் சரியாக 4 ஓமில் நின்றிருக்கும்.

கேபிள் விஷயம் இன்னும் மோசமானது, ஏனென்றால் அதைக் கண்ணால் பார்த்து யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது. ரசீதில் 2.5 சதுர மில்லிமீட்டர் தூய செம்புக் கம்பி, 60 மீட்டர் என்று எழுதியிருந்தது. மாமா நுனியைப் பிளேடால் சுரண்டியபோது செம்பு நிறம் உரிந்து உள்ளே வெள்ளையாகப் பளபளத்தது. அது செம்பு பூசிய அலுமினியம். ஒரே ஓர் இழையைப் பிரித்தெடுத்து லைட்டர் தீயில் காட்டினார். அது உடனே துவண்டு அறுந்து விழுந்தது. வீட்டிலிருந்து கொண்டுவந்த நல்ல கம்பியின் இழை அதே தீயில் சிவந்து பழுத்ததே தவிர அறுந்து போகவில்லை. அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும். செம்புக்கு 1,085 டிகிரி வேண்டும். கம்பியின் தடிப்பிலும் ஏமாற்றியிருந்தார்கள்: வெளியே பருமனான பிளாஸ்டிக் உறை, உள்ளே இருந்த உலோகம் ஏறத்தாழ 1 சதுர மில்லிமீட்டர்.

அடுத்து ஆம்ப்ளிஃபயரை அணைத்து, மிகத் தொலைவில் இருந்த ஸ்பீக்கரின் கம்பியை இரு முனைகளிலும் கழற்றி, ஸ்பீக்கர் பக்கத்து முனைகளை ஒன்றாக முறுக்கிவிட்டு, இந்தப் பக்கம் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தோம். மீட்டரின் சொந்தக் கம்பிகளுக்கும் சிறிது மின்தடை உண்டு. அவ்விரண்டையும் ஒன்றோடொன்று தொட வைத்து வரும் எண்ணை முதலில் குறித்துக்கொண்டு, அதைப் பிறகு கழித்துவிட வேண்டும். 22 மீட்டர் தூரம், போக வர 44 மீட்டர். சொன்ன அளவில் நல்ல செம்பாக இருந்திருந்தால் 0.3 ஓம் காட்டியிருக்கும். எங்களுக்குக் காட்டியது 1.2 ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு முன்னால் இந்தத் தடை நிற்கும்போது, அந்தப் பக்கம் போகும் ஆற்றலில் நூற்றுக்குப் பதின்மூன்று பங்கு சுவருக்குள்ளேயே சூடாக வீணாகிறது. பின்வரிசைப் பெரியவர்கள் பாட்டு கேட்கவில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்ததற்கு ஒரு காரணம் அங்கே இருந்தது.

இவை எல்லாவற்றையும்விட என்னைக் கலங்க வைத்தது வேறொன்று. முதல் நாள் கேட்ட 'ம்ம்' என்ற இரைச்சலைப் போக்குவதற்காக, ஆம்ப்ளிஃபயரின் மூன்று உருண்டை முள் பிளக்கைத் திறந்து, பெரிய முள்ளோடு இணைந்திருக்க வேண்டிய பச்சை-மஞ்சள் எர்த் கம்பியை வெட்டி விட்டிருந்தார்கள். பெட்டிக்குள் மின்சாரம் வரும் கம்பி பெட்டியின் உலோகத் தகட்டைத் தொட்டிருந்தால், 230 வோல்ட் அந்தத் தகட்டிலிருந்து கேபிள் வழியாக மைக்கின் உலோக உடல்வரை வந்திருக்கும். அந்த மைக்கை உதட்டோடு வைத்துப் பாடியவர்கள் எங்கள் தமிழ் வகுப்புப் பிள்ளைகள். இரைச்சலைப் போக்குகிறேன் என்று யாராவது எர்த் கம்பியில் கை வைத்தால், வேலையை அங்கேயே நிறுத்திவிட்டு அவரை வெளியே அனுப்புங்கள்.

தென்னாப்பிரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், அதாவது 2008-ஆம் ஆண்டின் 68-ஆம் இலக்கச் சட்டம், எங்களுக்கு ஓரளவு கைகொடுத்தது. அதன் 56-ஆம் பிரிவின்படி, குறையுள்ள பொருளை வாங்கிய ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்து, பணமா, பழுதுபார்ப்பா, மாற்றுப் பொருளா என்பதை வாங்கியவரே தேர்ந்தெடுக்கலாம். இதைக் குறிப்பிட்டு, சுரண்டிய கம்பியின் படத்தோடு கடிதம் எழுதிய பிறகு கேபிளின் விலை மட்டும் திரும்பி வந்தது. பழுதுபார்க்கும்போது கழற்றிய பாகங்களை எடுத்து வைத்து வாடிக்கையாளரிடம் திருப்பித் தர வேண்டும் என்கிறது 67-ஆம் பிரிவு. பழைய டிரான்சிஸ்டர்களைக் கேட்டபோது குப்பையில் போட்டுவிட்டதாகப் பதில் வந்தது. அவை உண்மையிலேயே மாற்றப்பட்டனவா என்பதை இனி நிரூபிக்க வழியில்லை. உங்கள் பெட்டி கடைக்குப் போகும் நாளிலேயே, கழற்றிய பாகங்கள் வேண்டும் என்று எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

மிக்ஸருக்கும் பழுதுபார்ப்புக்கும் கொடுத்த பணத்துக்காகச் சிறு உரிமைக் கோரல் நீதிமன்றத்துக்குப் போகிறேன். அங்கே 20,000 ரேண்ட் வரை வழக்கறிஞர் இல்லாமலேயே கோரலாம். ஆனால் வழக்குத் தொடுப்பவர் தனிமனிதராக இருக்க வேண்டும். சங்கமோ அறக்கட்டளையோ தொடுக்க முடியாது. ரசீதுகள் என் பெயரில் இருந்தது இந்த இடத்தில் உதவியது. வெட்டியெடுத்த கேபிளில் ஒரு மீட்டரையும், அதே நீளமுள்ள நல்ல செம்புக் கம்பியையும் கோயில் அலுவலகத்தில் வைத்திருக்கிறோம். கேபிள் வாங்கப் போகிறவர்கள் வந்து இரண்டையும் கையில் தூக்கி எடையை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போகலாம்.