தாள் எத்தனை முறை கைமாறுகிறது? ஹைடல்பெர்க், பிளானெட்டா, ரோலண்ட், கொமோரி

பழைய ஆஃப்செட் மெஷின் விலைக்கு வருகிறது என்றால், சிவகாசியில் முதலில் கேட்கப்படும் கேள்வி ‘ஹைடல்பெர்க்கா?’ என்பதுதான். எந்த வருஷம், எத்தனை கலர் என்பதெல்லாம் அப்புறம். அந்த ஜெர்மன் கம்பெனியின் பெயருக்கு அப்படி ஒரு மதிப்பு. அது சும்மா வந்ததில்லை. ஆனால் இன்றைய நாலு கலர் மெஷினின் எலும்புக்கூட்டை முதலில் போட்டுக் கொடுத்தது ஹைடல்பெர்க் அல்ல. அந்தப் பெருமை கிழக்கு ஜெர்மனியில் டிரெஸ்டன் பக்கத்தில் இருக்கும் ராடபாய்ல் என்ற ஊருக்குச் சேர வேண்டியது. இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை என்பது எனக்கு நெடுநாள் ஆதங்கம்.

நான் மெஷின்களை ஒப்பிடுவது ஒரே அளவுகோலை வைத்துத்தான். உள்ளே போன தாள், டெலிவரியில் வந்து விழுவதற்குள், அதன் விளிம்பைக் கவ்வி இழுக்கும் கிரிப்பரிலிருந்து அடுத்த கிரிப்பருக்கு எத்தனை முறை கைமாறுகிறது? ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஒரு மயிரிழை நழுவினால் போதும், ரெஜிஸ்டர், அதாவது கலர் மேல் கலர் பொருந்துவது, போய்விடும். காலண்டரில் மீனாட்சி அம்மனின் உதட்டுச் சிவப்பு உதட்டை விட்டு விலகி நிற்கும்.

ஆஃப்செட் பந்தயத்தில் ஹைடல்பெர்க் வெகு தாமதமாக இறங்கியது. பிளேட்டிலிருந்து நேராக அல்லாமல், பிளாங்கெட் என்ற ரப்பர் விரிப்பு வழியாகத் தாளில் அச்சடிக்கலாம் என்பதை, அதாவது ஆஃப்செட்டை, அமெரிக்காவில் ஐரா ரூபெல் 1904-இல் தற்செயலாகக் கண்டுகொண்டார். ஜெர்மனியின் ஒஃபன்பாக் நகரில் ஃபாபர் - ஷ்லைஷர் கம்பெனி 1911-லேயே ‘ரோலண்ட்’ என்ற பெயரில் ஆஃப்செட் மெஷினை வெளியிட்டுவிட்டது. ஹைடல்பெர்க்கின் முதல் ஆஃப்செட் மெஷினான கோர் வந்தது 1962-இல். ஐம்பது வருஷ இடைவெளி!

அந்த ஐம்பது வருஷமும் ஹைடல்பெர்க்குக்குச் சோறு போட்டது பிளாட்டன் என்ற எழுத்தச்சு மெஷின். 1914-இல் லைப்சிக் கண்காட்சிக்கு வந்த அந்த மெஷின், காற்றாடி மாதிரி சுழலும் இரண்டு கைகளால் தாளைத் தானே எடுத்துக் கொடுத்து, தானே வெளியே வைத்தது. 1926-இல் பொறுப்புக்கு வந்த ஹூபெர்ட் ஸ்டெர்ன்பெர்க் அதை வண்டியில் ஏற்றி ஊர் ஊராக அனுப்பி, அச்சகத்து வாசலிலேயே ஓட்டிக் காட்ட வைத்தார். அச்சகக்காரர்களுக்கும் கம்பெனிக்கும் அப்போது ஏற்பட்ட பழக்கம்தான் ஆஃப்செட் காலத்திலும் கை கொடுத்தது. அந்த பிளாட்டன்கள் நம் ஊரில் இன்றும் நம்பரிங், டை கட்டிங் என்று ஓடிக்கொண்டிருக்கின்றன.

ரோலண்ட் வேறு வழியில் போனது. அவர்களுடைய பழைய இரண்டு கலர் யூனிட்டில் ஐந்து சிலிண்டர்: இரண்டு பிளேட், இரண்டு பிளாங்கெட், இரண்டுக்கும் பொதுவாக, தாளைப் பிளாங்கெட்டோடு அழுத்தும் ஒரே இம்ப்ரெஷன். முதல் கலர் முடிந்து இரண்டாவது கலருக்குப் போகும்போது கிரிப்பர் பிடியை விடுவதே இல்லை. என் அளவுகோலில் இதற்குத்தான் முதல் மார்க் போட வேண்டும். ஆனால் ஒரு மை காய நேரமில்லாமல் உடனே அடுத்த மை மேலே விழுகிறது. இரண்டு கலரின் சிலிண்டர்களும் ஒன்றை ஒன்று ஒட்டி நிற்பதால் கை நுழைத்து பிளாங்கெட்டைத் துடைப்பதும் பாடு. ஐந்தாவதாக ஒரு ஸ்பெஷல் கலர் வேண்டுமென்றால் அந்த ஜோடிக் கணக்கு இடிக்கும்.

ராடபாய்லின் பிளானெட்டா கம்பெனி 1965-இல் ‘வேரியன்ட்’ மெஷினைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு கலருக்கும் ஒரு தனி யூனிட். எல்லாம் ஒரே அமைப்பு, ரயில் பெட்டி மாதிரி வரிசையாகக் கோத்துக்கொள்ளலாம். இம்ப்ரெஷன் சிலிண்டர் மட்டும் பிளேட் சிலிண்டரைப் போல இரண்டு மடங்கு பெரியது. விஷயமே இந்த இரண்டு மடங்கில்தான் இருக்கிறது. சிலிண்டர் சிறியதாக இருந்தால், தாளின் வால் இன்னும் பிளாங்கெட்டுக்கு அடியில் அச்சாகிக்கொண்டிருக்கும்போதே அதன் தலையை அடுத்த கிரிப்பர் பிடித்து இழுக்கத் தொடங்கிவிடும். பெரிய சிலிண்டரில் தாள் முழுக்க அச்சாகி முடிந்த பிறகுதான் கைமாறும். வளைவும் குறைவு, அதனால் கெட்டி அட்டை மடங்கிக் கோடு விழாமல் போகும். இரண்டு யூனிட்டுக்கு நடுவே தாளைக் கடத்த ஒரே ஒரு டிரம், ஆக இரண்டு கைமாற்றம். நாலு கலருக்கு யூனிட்டுகளுக்கிடையே மொத்தம் ஆறு.

1974-இல் வந்த ஹைடல்பெர்க் ஸ்பீட்மாஸ்டர், 72க்கு 102 சென்டிமீட்டர் தாள் ஓடும் மெஷின். அதில் இம்ப்ரெஷன் ஒற்றை அளவுதான். இரண்டு யூனிட்டுக்கு நடுவே மூன்று டிரம், எனவே நான்கு கைமாற்றம். நாலு கலருக்குக் கணக்குப் போட்டால் பன்னிரண்டு. பிளானெட்டாவின் கணக்குக்கு இரண்டு மடங்கு.

அப்படியென்றால் ஏன் அப்படிக் கட்டினார்கள்? பெர்ஃபெக்டிங், அதாவது இரண்டு பக்க அச்சுக்காக. அந்த மூன்று டிரம்மில் ஒன்று தாளின் வாலைக் காற்றால் உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். அடுத்த டிரம்மின் கிரிப்பர் அந்த வாலைக் கவ்வித் தாளைப் புரட்டிப் போடும். ஒரே ஓட்டத்தில் இரண்டு பக்கமும் அச்சாகிவிடும். மெஷின் பெயரில் கடைசியில் பி என்ற எழுத்து இருந்தால் அது இதைத்தான் சொல்கிறது. இசட் என்றால் இரண்டு கலர், வி என்றால் நாலு கலர், எல்லாம் ஜெர்மன் எண்ணின் முதலெழுத்து. புத்தகம் அடிப்பவர்களுக்கு ஒரு வரம் இந்த பெர்ஃபெக்டிங். ஒன்று மட்டும் கவனம் வேண்டும்: வால் பக்கம்தான் இப்போது பிடி என்பதால், தாளை நாலு பக்கமும் கச்சிதமாக வெட்டி ஏற்ற வேண்டும்.

இரண்டு கலர் மெஷினில் தாளை இரண்டு முறை ஓட்டி நாலு கலர் வேலை செய்தவர்களுக்குக் கைமாற்றத்தின் அருமை தெரியும். ஒருமுறை ஓர் அச்சகத்தில் மஞ்சளும் சிவப்பும் அடித்து, ராத்திரி தாளை மூடாமல் அடுக்கிவைத்துவிட்டோம். அன்றைக்கென்று மழை. காலையில் நீலமும் கறுப்பும் ஏற்றினால், கலர் பொருந்துகிறதா என்று பார்க்கும் சிலுவைக் குறி ஒரு மூலையில் பொருந்துகிறது, எதிர் மூலையில் விலகுகிறது. தாளைப் பக்கவாட்டில் நிறுத்தும் சைடு லேயைத் திருகித் திருகிப் பார்த்தும் பயனில்லை, தாளே ஈரம் குடித்து நீண்டிருந்தது. நாலு கலரும் ஒரே ஓட்டத்தில் விழுந்தால் இந்தக் கதையே இல்லை.

ஹைடல்பெர்க்கை உயர்த்திய இன்னொன்று 1977-இல் வந்த சிபிசி என்ற மைக் கட்டுப்பாட்டு முறை. பழைய மெஷின்களில் மைத் தொட்டியின் எஃகுப் பட்டையை வரிசையாக இருக்கும் திருகுகளால் வளைத்துத்தான் மையைக் கூட்டிக் குறைக்க வேண்டும். ஒரு திருகைத் தொட்டால் பக்கத்துத் திருகின் இடத்திலும் மை மாறும். ஹைடல்பெர்க் அந்தப் பட்டையையே எடுத்துவிட்டு, அகலத்தை 32 தனித்தனி மண்டலங்களாகப் பிரித்து, மேலே ஒரு மெல்லிய ஃபாயில் விரித்து, டெலிவரி பக்கத்து மேசையிலிருந்து பட்டனை அழுத்தினால் போதும் என்று ஆக்கியது. மெஷின்மேன் யூனிட்டுக்கு யூனிட் ஓடுவது நின்றது. என்னைக் கேட்டால், ஸ்பீட்மாஸ்டரின் பெரிய சாதனை சிலிண்டரில் இல்லை, இந்த மேசையில்தான்.

1923-இல் டோக்கியோவில் தொடங்கிய கொமோரி, 1981-இல் ‘லித்ரோன்’ மெஷினை இறக்கியது. அதில் இரட்டை அளவு இம்ப்ரெஷன். அப்புறம் ஹைடல்பெர்க்கும் அட்டை வேலைக்காகக் கொண்டுவந்த சிடி வரிசையில் அதே இரட்டை அளவுக்கு வந்தது. ரோலண்டும் 1990-இல் ரோலண்ட் 700 மாடலில் ஐந்து சிலிண்டரைக் கைவிட்டது. மணிக்கு 18,000 தாள் என்று 2004-இல் ஹைடல்பெர்க் காட்டிய எக்ஸ்எல் 105-இலும் இம்ப்ரெஷன் இரட்டைதான். எல்லோரும் கடைசியில் ராடபாய்ல் போட்ட பாதைக்கே வந்து சேர்ந்தார்கள்.

அதைப் போட்டவர்கள் சந்தையை ஏன் பிடிக்கவில்லை? இரும்புத்திரைக்கு அந்தப் பக்கம் இருந்துவிட்டார்கள். கிழக்கு ஜெர்மனியுடன் நமக்கு ரூபாயிலேயே வணிகம் நடந்ததால், அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டுக் காலத்திலும் பிளானெட்டா இந்தியாவுக்கு வந்தது. ஆனால் மேற்கே ஹைடல்பெர்க் கட்டி வைத்திருந்த சர்வீஸ், உதிரிபாகம், பயிற்சிப் பள்ளி எல்லாம் அவர்களுக்கு வாய்க்கவில்லை. ஜெர்மனி இணைந்ததும் 1817-இல் தொடங்கிய கோனிக் - பாவர் கம்பெனி பிளானெட்டாவை வாங்கிக்கொண்டது. ‘ரபிடா’ மெஷின்கள் இன்று அந்த ராடபாய்லிலிருந்துதான் வருகின்றன. ரோலண்ட் மெஷின்களைச் செய்த மான்ரோலண்ட் 2011-இல் திவாலானது. அதன் தாள் மெஷின் பிரிவை அடுத்த வருஷம் பிரிட்டனின் லாங்லி குழுமம் எடுத்துக்கொண்டது.

சரி, இன்றைக்கு செகண்ட் ஹேண்டில் எது எடுக்கலாம்? கல்யாணப் பத்திரிகை, பில் புக் போன்ற சின்ன வேலைக்கு 1972-இல் வந்த ஹைடல்பெர்க் ஜிடிஓதான், யோசிக்கவே வேண்டாம். புத்தகத்துக்கு பெர்ஃபெக்டிங் உள்ள ஸ்பீட்மாஸ்டர். அட்டைப் பெட்டிக்கு ரபிடா அல்லது சிடி. காலண்டருக்கு நான் லித்ரோன் பக்கம். எதுவானாலும் பெயர்ப் பலகையைப் பார்த்து முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். மெல்லிய கோட்டுக் கட்டம் உள்ள பிளேட் ஒன்றை ஏற்றி நூறு தாள் ஓட்டுங்கள். லேயைத் தொடாமல் அதே தாள்களை மறுபடி ஃபீடரில் வைத்து இன்னொரு முறை ஓட்டுங்கள். அப்புறம் லென்ஸை வைத்துப் பாருங்கள், கோட்டின் மேல் கோடு விழுந்திருக்கிறதா என்று.