கீ வெஸ்ட் எல் சிபோனே: கிழங்கு ஆறுவதற்குள் சாப்பிட்டுவிடுங்கள்

ஃபுளோரிடாவின் கீ வெஸ்ட் தீவுக்குப் போகிறவர்களில் பலர் அதன் முக்கியக் கடைவீதியான டுவால் தெருவிலேயே சாப்பாட்டை முடித்துவிடுகிறார்கள். அங்கிருந்து சுமார் பத்து நிமிட நடையில், குடியிருப்புகளுக்கு நடுவே, கேத்தரின் தெரு 900-ஆம் எண்ணில் இருக்கிறது எல் சிபோனே. 1984 முதல் நடக்கும் கியூபச் சமையல் குடும்ப உணவகம். கியூபா இந்தத் தீவிலிருந்து 90 மைல்தான். 1868-இல் ஸ்பெயினுக்கு எதிராக அங்கே போர் மூண்டதும் சுருட்டுத் தொழிலாளர்கள் திரளாக வந்து இங்கே குடியேறினார்கள். கியூபச் சமையல் அப்போதிருந்தே இந்த ஊரின் அன்றாடச் சாப்பாடு.

முதல்முறை போனால் பன்றி வறுவலைக் கேளுங்கள். புளிப்பு ஆரஞ்சுச் சாறு, பூண்டு, சீரகம், ஒரிகானோ சேர்ந்த 'மோஹோ'வில் இறைச்சியை ஊறவைத்து, குறைந்த சூட்டில் மணிக்கணக்காக வேகவிடுவது கியூப முறை. அவசரப்பட்டால் தோள்கறியின் சவ்வு கரையாது, கறி ரப்பராகிவிடும். நன்றாக வெந்தது முள்கரண்டி பட்டாலே நார்நாராகப் பிரியும். ஓரங்கள் உலர்ந்திருந்தால் இன்னும் கொஞ்சம் மோஹோ கேட்டு வாங்கி ஊற்றிக்கொள்ளலாம்.

கூடவே யூக்கா சொல்லுங்கள். நம் மரவள்ளிக்கிழங்குதான். நடு நரம்பை எடுத்து, வெடிக்கும்வரை வேகவைத்து, சுடச்சுடப் பூண்டு எண்ணெய் ஊற்றித் தருவார்கள். ஆறினால் இறுகி மெழுகுபோல் ஆகிவிடும் என்பதால், தட்டு வந்ததும் முதலில் கை வைக்க வேண்டியது இதில்தான். கருப்பு பீன்ஸை அப்படியே சோற்றின் மேல் ஊற்றிப் பிசையலாம். குடமிளகாய், வெங்காயம், பூண்டு, பிரிஞ்சி இலை போட்டுக் கொதித்த சாறு, சோற்றில் ஒட்டும் அளவுக்குக் கெட்டியாக இருக்க வேண்டும். தண்ணீராக ஓடினால் அடுப்பிலிருந்து சீக்கிரம் இறக்கிவிட்டார்கள் என்று அர்த்தம். ஒரு கியூப அடுக்களையை எடைபோட, பிரபலமான கியூப சாண்ட்விச்சைவிட இந்த பீன்ஸ்தான் சரியான அளவுகோல்.

'ரோப்பா வியஹா' மாட்டிறைச்சி. வேகவைத்து, இழை இழையாகப் பிய்த்து, தக்காளிச் சாற்றில் மறுபடி வேகவிடுவது. சாறு நிறைய இருப்பதால் பார்சலுக்கு இது வறுவலைவிட ஏற்றது. வாழையில் இரண்டு வகை: தோல் கறுக்கப் பழுத்ததைப் பொரித்தால் இனிப்பான 'மதூரோஸ்', காயை ஒருமுறை பொரித்து, தட்டி, திரும்பப் பொரித்தால் 'டோஸ்டோனஸ்'. பன்றிக் கறியின் உப்புக்கும் புளிப்புக்கும் இனிப்பு வகைதான் சேரும்.

சைவர்கள் கேட்டுத் தெரிந்துகொண்டே சாப்பிட வேண்டும். கியூப ரொட்டியின் மாவில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம். பீன்ஸிலும் பன்றி இறைச்சி போடுவதுண்டு. இரண்டும் நீங்கினால் சோறு, வாழை, கிழங்கு, சாலட் மிஞ்சும், பாதி விருந்துதான்.

தட்டுகள் பெரியவை. இரண்டு பேர் ஒரு வறுவல், கூடுதலாக ஒரு யூக்கா வாங்கிப் பங்கிட்டுக்கொள்ளலாம். பட்டியல் விலைக்கு மேல் 7.5% வரி, 18 முதல் 20% டிப்ஸ் ஆகியவற்றையும் கணக்கில் வையுங்கள். உச்சி உணவு நேரத்தில் வெளியே வரிசை நிற்கும். பிற்பகல் மூன்று மணிவாக்கில் போனால் மேசை எளிதாகக் கிடைக்கும்.