ஜூம் எச்1என்: நழுவும் சங்கதியைப் பிடிக்க ஒரு கைப்பதிவுக் கருவி

பதிவுக் கருவி என்றதும் எல்லாரும் முதலில் கேட்பது ஒலித் தரத்தைத்தான். சாதகத்தின் (இசைப் பயிற்சியின்) நடுவே எங்கிருந்தோ வந்து விழும் ஐந்தாறு நொடிச் சங்கதியை, அதாவது ஒரு இசை வரியின் புதிய வடிவத்தை, பிடித்துவைக்க வேண்டுமென்றால் முதலில் கேட்க வேண்டியது வேறு: பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் நடந்தது இதில் பதியுமா? 2018இல் வந்த கையடக்க ஒலிப்பதிவுக் கருவியான ஜூம் எச்1என் இதற்கு ஆம் என்கிறது. அந்த ஒரு வசதிக்காகவே இதை இசைக்கலைஞர்களுக்குப் பரிந்துரைக்கலாம். குறைகளும் உண்டு.

அந்த வசதியின் பெயர் ப்ரீ-ரெக். கருவி இயங்கிக்கொண்டிருக்கும்போது, கடைசி 2 நொடி ஒலியை நினைவில் எப்போதும் சுழற்றிக்கொண்டே இருக்கும். சிவப்புப் பொத்தானை அழுத்தியதும் அந்த 2 நொடியும் பதிவின் தொடக்கத்தில் சேர்ந்துவிடும். 2 நொடியில் என்ன கிடைக்கும்? நிமிடத்துக்கு 60 அடி வேகத்தில் 2 அடி. 120இல் 4 அடி. கொஞ்சம்தான். ஆனால் முதலில் மறந்துபோவது அந்தக் கொஞ்சம்தான். ஒரு சங்கதியின் சுரங்கள் ஓரளவு நினைவில் நிற்கும். அது தாளத்தில் எங்கே எடுத்தது, அதாவது தொடங்கியது, என்பது நிற்காது. அரை இடம் தள்ளி எடுத்த ஒன்றைப் பத்து நிமிடம் கழித்துப் பாடிப் பார்த்தால், மனம் அதைச் சமத்துக்கு, அதாவது தாளத்தின் முதல் அடிக்கே, இழுத்துவைத்திருக்கும். சுரம் அதேதான், உயிர் போயிருக்கும். எடுப்பு பதிவாகிவிட்டால் அந்த இழப்பு இல்லை.

ப்ரீ-ரெக் தானாக வராது. அமைப்புப் பட்டியலில் போய் ஒருமுறை இயக்க வேண்டும். கருவி அணைந்திருந்தால் இதனால் பயன் இல்லை. இயக்கி, பதிவுக்குத் தயாராக எழுந்து நிற்கச் சில நொடிகள் ஆகும். அதற்குள் சங்கதி போய்விடும். ஆகவே சாதகம் தொடங்கும்போதே இயக்கிவிட வேண்டும். இரண்டு ஏஏஏ ஆல்கலைன் பேட்டரிகளில் ஏறக்குறைய 10 மணி நேரம் ஓடும் என்பது நிறுவனத்தின் கணக்கு. தினமும் மணிக்கணக்கில் இயக்கிவைப்பவர்கள் மைக்ரோ யூஎஸ்பி வழியாக மின்சாரம் கொடுப்பது சிக்கனம்.

எட்டு நொடிச் சங்கதியில் கடைசியில் விழித்துக்கொண்டு அழுத்தினால் வால்தான் கிடைக்கும். அப்போது வாசிப்பை நிறுத்தாமல் அதையே உடனே இன்னும் இரண்டு முறை வாசிக்க வேண்டும். பிறகு ஆதார சுருதியை ஒரு முறை பிடித்துக் காட்டுங்கள். அது இல்லாவிட்டால் பிறகு கேட்கும்போது எதை சட்ஜமாக (அடிப்படைச் சுரமான ‘ச’வாக) வைத்துப் பாடினோம் என்பதே குழம்பும். அடுத்து, கையால் தாளம் தட்டிக்கொண்டே ஒரு ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) பாடிவிடுங்கள். கடைசியாக, அதில் எது பிடித்தது என்று வாயாலேயே சொல்லிவையுங்கள்: “நிஷாதத்தைத் தொடாமல் மேலே போனது”, “மூன்றாம் அடியில் விட்ட இடைவெளி” என்பதுபோல. முழுவதும் ஒரு நிமிடத்துக்குள் முடியும். இந்த வாய்க்குறிப்பு இல்லாத பதிவுகளை ஆறு மாதம் கழித்துக் கேட்டால், ஏன் பதிந்தோம் என்றே தெரியாது. கோப்பின் பெயரும் உதவாது.

இனி ஒலி அளவு. திரைக்கு மேலே 0 முதல் 10 வரை திருகும் குமிழ் உண்டு. இந்தக் கருவியின் மிக நல்ல பாகம் இதுதான்; பட்டியலுக்குள் நுழையாமல் ஒரே விரலால் அளவை மாற்றலாம். வழக்கமாக வாசிக்கும் மிகச் சத்தமான பகுதியை வாசித்து, உச்சம் மைனஸ் 12 டெசிபல் அருகே நிற்கும்படி வைத்தால் போதும். உச்சத்தை மட்டும் அடக்கும் லிமிட்டரையும் போட்டுவையுங்கள், எதிர்பாராத அடி விழும்போது ஒலி உடையும் வாய்ப்பு குறையும். அளவைத் தானே மாற்றும் ஆட்டோ லெவலை மட்டும் அணைத்துவிடுங்கள். அது மெல்லிய இடங்களில் ஒலியைத் தூக்கும், உரத்த இடத்தில் அமுக்கும். நம்மை ஈர்த்தது ஒரு மென்மையான இறக்கம் என்றால், அந்த இறக்கமே பதிவில் இருக்காது. தாள வாத்தியத்தில் இன்னும் மோசம்: ஒரு பலத்த அடிக்குப் பிறகு வரும் சன்னமான சொற்கள் (மெல்லிய அடிகள்) அமுங்கிப்போய்ப் பிறகு மெல்ல மேலே வரும்.

தாழ்ந்த ஒலிகளை வெட்டும் லோ கட் விஷயத்தில் பலரும் தவறுகிறார்கள். 80, 120, 160 ஹெர்ட்ஸ் என்று தெரிவுகள் உண்டு. மின்விசிறி உறுமல் குறைகிறதே என்று 160ஐப் போட்டுவிட்டுக் கிடாரைப் பதிந்தால் அடித்தந்தி வெளிறிப்போகும். வழக்கமான சுருதியில் அந்தத் தந்தியின் அடிப்படை அதிர்வு சுமார் 82 ஹெர்ட்ஸ். மேற்கத்திய முறையில் சுருதி கூட்டிய வயலினுக்கு 160 பெரிய தீங்கு செய்யாது, அதன் அடித்தந்தியே 196 ஹெர்ட்ஸ்தான். மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியின் கும்காரமோ பேஸ் கிடாரோ வேண்டுமென்றால் லோ கட் வேண்டவே வேண்டாம். குரலுக்கு 80 போதும்.

இப்போது குறைகள். உடல் முழுக்க இலேசான பிளாஸ்டிக். கையில் பிடித்தபடி பதிந்தால் விரல் நகரும் ஒவ்வொரு அசைவும் கரகரவென்று மைக்கில் ஏறும். மேசைமேல் வைத்தாலோ கால் தாளமும் மேசையைத் தட்டுவதும் உறுமலாக வரும். பின்புறம் முக்காலித் திருகுத் துளை இருக்கிறது. ஒரு சிறு முக்காலியில் பொருத்தி, அடியில் மடித்த துணியை விரித்தால் பெரும்பகுதி தீரும். காற்று இன்னொரு எதிரி. அறைக்குள் மூச்சுக் காற்றைத் தடுக்க நுரை உறை போதும். திறந்த வெளியில் நீண்ட இழைகள் கொண்ட உறை இல்லாமல் எதுவும் தேறாது. பாடும்போது கருவியை வாய்க்கு நேராக வைக்காமல், ஒரு முழம் தள்ளிச் சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள்.

பதிவு வடிவத்தில் அதிகம் மெனக்கெட வேண்டாம். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வரை போகும் என்பது பெட்டியில் பார்க்க நன்றாக இருக்கும். நினைவுக்குறிப்புக்கு அது வீண். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் கோப்பு நிமிடத்துக்குச் சுமார் 17 மெகாபைட். கருவி ஏற்கும் மிகப் பெரிய அட்டை 32 ஜிபி. அதில் சுமார் 30 மணி நேரம் அடங்கும். எம்பி3 இடத்தைச் சேமிக்கும், ஆனால் அந்த ஆறு நொடி பிறகு ஒரு பாடலுக்குள்ளேயே போய் உட்காரத் தகுதியானதாக இருந்துவிட்டால் வருந்த வேண்டியிருக்கும்.

மணிக்கணக்காகப் பதியவிட்டு இருப்பவர்களுக்கு ஒரு யோசனை: நல்லது விழுந்ததும் இரண்டு முறை பலமாகக் கைதட்டுங்கள். கணினியில் அலைவடிவத்தைப் பார்க்கும்போது அந்த இரட்டை முள் தனியே தெரியும். அதற்கு முந்தைய அரை நிமிடத்தை வெட்டி எடுத்துக்கொள்ளலாம். சங்கதியைப் பிரித்துக் கேட்கக் கருவியிலேயே வேகத்தை 50 முதல் 150 சதவீதம் வரை மாற்ற முடியும். 50இல் ஒலி கரடுமுரடாகும். கமகத்தின் (சுரத்தை அசைத்துப் பாடுவதன்) வளைவைப் புரிந்துகொள்ள 70, 80 போதும்.

கைபேசி இருக்க இது எதற்கு? முணுமுணுப்பாக ஒரு மெட்டு வந்தால், நடந்துகொண்டே பதிய, கைபேசிதான் மேல். அது எப்போதும் பையில் இருக்கிறது. ஆனால் பல கைபேசிச் செயலிகளின் இரைச்சல் நீக்கி, பேச்சுக்காக அமைந்தது. மாறாமல் நீண்டு ஒலிக்கும் எதையும் அது இரைச்சல் என்று எண்ணும். தம்பூரா சுருதியும் நீண்ட கார்வையும் (நீட்டிப் பிடித்த சுரமும்) தேய்ந்துபோகும். இருவர் சேர்ந்து வாசிக்கும்போது யார் எதை எடுத்தார் என்று இடம் வலம் பிரித்துக் கேட்பதும் எச்1என்னின் ஒன்றுக்கொன்று குறுக்காக அமைந்த இரு மைக்குகளில்தான் சரியாக வரும். அப்படி மற்றவர் வாசிப்பதையும் சேர்த்துப் பதிவதானால், கருவி இயங்குகிறது என்பதை அவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

2024இல் இதன் அடுத்த தலைமுறையாக எச்1எசென்ஷியல் வந்துவிட்டது. அது 32 பிட் ஃப்ளோட்டில் பதிகிறது. உச்சம் எகிறினாலும் பிறகு கணினியில் இறக்கிச் சரிசெய்யலாம் என்பதால் அளவு வைக்கும் வேலையே இல்லை. யூஎஸ்பி-சியும் உண்டு. புதிதாக வாங்குபவர், அதுவும் மெல்லிய குரலும் உரத்த தாளமும் ஒரே அறையில் வைத்திருப்பவர், அதையே பார்க்கலாம். எச்1என் ஏற்கெனவே கையில் இருந்தால் மாற்றத் தேவையில்லை. ப்ரீ-ரெக்கை இயக்கி, ஆட்டோ லெவலை அணைத்து, முக்காலியில் ஏற்றிவிடுங்கள்.