கல்லூரியா, பிரிவா: விருப்பப் பட்டியலின் முதல் வரியில் எதை வைப்பது?

பிளஸ் டூவில் என் அக்கா மகனுக்குக் கணிதத்தில் 92, இயற்பியலில் 88, வேதியியலில் 90. கணித மதிப்பெண்ணை அப்படியே வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் பாதியாக்கிக் கூட்டினால் 200க்கு 181 வருகிறது; கட்-ஆஃப் என்பது இதுதான். 2024ஆம் ஆண்டு ஆடி மாதத்தில், அருப்புக்கோட்டையில் என் அக்கா வீட்டுக் கூடத்தில், இந்த 181ஐ நடுவில் வைத்துக்கொண்டு நாங்கள் ஐந்து பேர் இரவு இரண்டு மணி வரை உட்கார்ந்திருந்தோம். பொறியியல் கலந்தாய்வுக்கான விருப்பப் பட்டியலில் அக்கா மகன் முதல் வரியில் சென்னைப் புறநகரில் உள்ள ஒரு சுயநிதிக் கல்லூரியின் கம்ப்யூட்டர் சயின்ஸை வைத்திருந்தான். அத்தானோ, இரண்டாம் வரியில் இருந்த, தென் மாவட்டத்து அரசுப் பொறியியல் கல்லூரி ஒன்றின் ட்ரிபிள் இ (மின், மின்னணுப் பொறியியல்) பிரிவை மேலே ஏற்றச் சொன்னார். அன்றிரவு அந்த இரண்டு வரிகளும் ஆறேழு முறை இடம் மாறின. இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதுதான் இக்கட்டுரை. ஏனெனில் 170க்கும் 190க்கும் இடைப்பட்ட கட்-ஆஃப் வைத்திருக்கும் பெரும்பாலான வீடுகளில் கேள்வி இதே வடிவத்தில்தான் வந்து நிற்கிறது.

முதலில் ஒரு தவறான அச்சத்தைத் தீர்த்துவிட வேண்டும். எட்டாத கல்லூரியை மேலே வைத்தால் எட்டக்கூடியதும் கைநழுவிப் போகும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. உங்கள் தரவரிசை எண் வரும்போது கணினி பட்டியலை மேலிருந்து கீழாகப் படித்து, இன்னும் காலியாக இருக்கும் முதல் வரியை உங்களுக்கு ஒதுக்குகிறது. மேலே எட்டாதவை எத்தனை இருந்தாலும் இழப்பு எதுவும் இல்லை. இழப்பு நேர்வது, உண்மையில் விரும்பாத ஒன்றை விரும்பியதற்கு மேலே வைக்கும்போதுதான். எனவே வரிசைதான் முடிவு, மற்றதெல்லாம் தட்டச்சு.

இனி கல்லூரிகளின் வகை. அண்ணா பல்கலைக்கழகத்தின் பட்டம் என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று சொல்பவர்கள் பாதி உண்மையைத்தான் சொல்கிறார்கள். கிண்டிப் பொறியியல் கல்லூரி, அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, கட்டடக் கலைப் பள்ளி, குரோம்பேட்டை எம்ஐடி ஆகிய நான்கும் பல்கலைக்கழகத்தின் சொந்த வளாகங்கள். 181 வைத்திருப்பவருக்கு அங்கே கேட்கும் பிரிவு கிடைப்பது அரிது என்பதால் அவற்றை இங்கே கடந்துவிடலாம். அவற்றுக்கு அடுத்து கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி, சேலம் அரசுப் பொறியியல் கல்லூரி போன்ற அரசுக் கல்லூரிகளும், கோவை பிஎஸ்ஜி, மதுரை தியாகராசர் போன்ற அரசு உதவி பெறும் கல்லூரிகளும் வருகின்றன. உதவி பெறும் கல்லூரியிலேயே ஒரே வளாகத்துக்குள் உதவி பெறும் பிரிவுகளும் சுயநிதிப் பிரிவுகளும் இருக்கும்; பட்டியலில் பிரிவின் பெயருக்குப் பின்னால் எஸ்எஸ் என்று இருந்தால் அது சுயநிதி. கட்டணம் கட்டப் போகும் நாளில்தான் அந்த இரண்டு எழுத்துகளைக் கவனித்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

அதன் பின் வருவது சுயநிதிக் கல்லூரிகளின் பெருங்கூட்டம். இதில் சில கல்லூரிகள் தன்னாட்சி பெற்றவை, பாடத்திட்டத்தையும் வினாத்தாளையும் தாமே வகுத்துக்கொள்பவை. மற்றவை பல்கலைக்கழகத்தின் பொதுத் தேர்வை எழுதுபவை. தேர்ச்சி விழுக்காட்டை வைத்துக் கல்லூரிகளை ஒப்பிடுவோர் இந்த வேறுபாட்டை மறந்துவிடுகிறார்கள். பொதுத் தேர்வில் 60 விழுக்காடு தேர்ச்சி காட்டும் கல்லூரியையும், தானே வினாத்தாள் எடுத்துத் தானே திருத்தி 90 விழுக்காடு காட்டும் கல்லூரியையும் ஒரே தராசில் நிறுத்த முடியாது. தன்னாட்சி இல்லாத கல்லூரிகளுக்குள் மட்டும் ஒப்பிட்டால் அந்த எண் நல்ல அளவுகோல்.

பணத்தில் இருந்து தொடங்கினால் ஒப்பீடு எளிது. அரசுக் கல்லூரியில் கல்விக் கட்டணம் ஆண்டுக்குச் சில ஆயிரங்களில் அடங்கிவிடும். சுயநிதிக் கல்லூரியில் கலந்தாய்வு வழி சேர்பவருக்கு, 2017இல் கட்டண நிர்ணயக் குழு வரையறுத்தபடி, தரச்சான்று பெற்ற பிரிவுக்கு 55,000 ரூபாயும் மற்றதற்கு 50,000 ரூபாயும் ஆண்டுக் கட்டணம். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அதில் 25,000 ரூபாயை அரசு ஏற்கிறது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்து 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் சேர்பவர்களுக்குக் கல்விக் கட்டணத்தோடு விடுதிச் செலவையும் அரசே ஏற்கிறது என்பதால், அவர்களுக்கு இந்தப் பத்தியே தேவையில்லை. மற்றவர்கள் கவனிக்க வேண்டியது கல்விக் கட்டணத்தை விட விடுதி, பேருந்து, பயிற்சிக் கட்டணம் என்ற பெயர்களில் வரும் தொகைகளை. அந்தச் சென்னைக் கல்லூரியின் ரசீது மாதிரியைக் கேட்டு வாங்கிப் பார்த்தபோது, கல்விக் கட்டணம் ஐந்து வரிகளில் ஒரு வரியாகத்தான் இருந்தது.

நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் இந்தக் கலந்தாய்வுக்குள் வருவதில்லை. மாநிலத்தின் 69 விழுக்காடு இடஒதுக்கீடும் முதல் பட்டதாரிச் சலுகையும் அங்கே பொருந்துவதில்லை. வேலூர் விஐடி, தஞ்சை சாஸ்த்ரா போன்ற இடங்களில் ஆய்வகமும் வளாக நேர்காணலும் வலுவாக இருப்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் விஐடியில் நுழைவுத் தேர்வில் பெறும் தரவரிசையைப் பொறுத்துக் கட்டணப் படிநிலை மாறுகிறது. முதல் படியில் இடம் கிடைத்தவரும் ஐந்தாம் படியில் சேர்பவரும் ஒரே வகுப்பில் அமர்ந்து வெவ்வேறு தொகை கட்டுகிறார்கள். என் கணக்கில், கடன் வாங்காமல் முதல் படிக் கட்டணத்தைக் கட்ட முடிந்தால் அது நல்ல தேர்வு. கடைசிப் படிக் கட்டணத்துக்கு வீட்டை அடகு வைப்பது நல்ல தேர்வு அல்ல. கலந்தாய்வுக்குப் பல வாரங்கள் முன்பே முன்பணம் கேட்பதுதான் இதில் உள்ள சிக்கல். தொழில்நுட்பக் கல்வியை நெறிப்படுத்தும் மத்திய அமைப்பான ஏஐசிடிஇயின் விதிப்படி, சேர்க்கையின் இறுதி நாளுக்கு முன் விலகும் மாணவருக்கு 1,000 ரூபாய்க்கு மிகாமல் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும், அசல் சான்றிதழ்களையும் நிறுத்தி வைக்கக் கூடாது. முன்பணம் கட்டும் நாளிலேயே இதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது பின்னாளில் அலைச்சலைக் குறைக்கும்.

மீண்டும் அந்த இரண்டு வரிகளுக்கு வருவோம். சுயநிதிக் கல்லூரியின் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் காரணம் ஒன்றே: வேலை. அது வெறும் மயக்கம் அல்ல. வளாகத்துக்கு வரும் நிறுவனங்களில் பெரும்பாலானவை மென்பொருள் நிறுவனங்கள்தாம். ஆனால் அந்த நிறுவனங்களில் ஆயிரக்கணக்கில் ஆள் எடுப்பவை பிரிவைப் பெரிதாகப் பார்ப்பதில்லை. அரியர் இல்லாமையும், பத்தாம் வகுப்பில் இருந்து தொடரும் மதிப்பெண் விழுக்காடும், கணக்கும் நிரலாக்கமும் சோதிக்கும் எழுத்துத் தேர்வுமே அவற்றின் வாசல். ட்ரிபிள் இ, மெக்கானிக்கல் படித்தவர்கள் அந்த வாசல் வழியாக ஆண்டுதோறும் உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். மறுபுறம், மின் வாரியம், கேட் எனும் பொறியியல் தகுதித் தேர்வின் வழி ஆள் எடுக்கும் பொதுத்துறை நிறுவனங்கள் என்ற கதவுகள் ட்ரிபிள் இ படித்தவருக்கு அகலமாகத் திறந்திருக்கின்றன.

இதோடு 2024-25 கல்வியாண்டில் இன்னொன்று சேர்ந்துகொண்டது. ஒரு பிரிவில் இத்தனை இடங்கள்தாம் என்ற உச்சவரம்பை, நன்கு செயல்படும் கல்லூரிகளுக்கு ஏஐசிடிஇ நீக்கியது. விளைவாகப் பல கல்லூரிகளில் கம்ப்யூட்டர் சயின்ஸும் அதன் கிளைப் பெயர்களும் பெருகின. இருபது மாணவர்க்கு ஓர் ஆசிரியர் என்பது நெறி. அத்தனை ஆசிரியர்களைத் திடீரென எங்கிருந்து கொண்டுவருவார்கள் என்ற கேள்வி எழுவது இயல்பு. அதே 2024 ஜூலையில்தான், ஒரே ஆசிரியரின் பெயர் பல கல்லூரிகளின் பட்டியலில் இருப்பதை ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளிக்கொணர்ந்தது. ஆகவே கல்லூரிக்கு நேரில் செல்லும்போது முதல்வர் அறையில் தரும் வண்ணக் கையேட்டை வாங்கிக்கொண்டு, துறையின் ஆசிரியர் அறையில் எத்தனை மேசைகளில் விடைத்தாள் கட்டும் சோற்றுப் பாத்திரமும் இருக்கின்றன என்று எண்ணிப் பார்ப்பது மேல்.

நாங்கள் இரண்டு கல்லூரிகளுக்கும் போனோம். சென்னைக் கல்லூரியில் வாயில் வளைவிலேயே ஆண்டின் உச்ச ஊதியம் பெற்ற மாணவியின் படம் இருந்தது. லேப் பார்க்க வேண்டும் என்றதும் சாவி தேடினார்கள். இருபது நிமிடங்கள் கழித்துத் திறந்தபோது, குளிரூட்டிய அறையில் அறுபது கணினிகள், பாதிக்கு மேல் பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமலேயே இருந்தன. அரசுக் கல்லூரியில் வரவேற்க யாரும் இல்லை. காவலாளி மின்பொறி ஆய்வகத்தைக் கை நீட்டிக் காட்டினார். சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது. ஆனால் சுமைச் சோதனை செய்யும் மோட்டாரின் பிரேக் டிரம், பட்டை தேய்ந்து தேய்ந்து வெள்ளி போல மின்னியது, அருகில் அதைக் குளிர்விக்கத் தண்ணீர் ஊற்றும் பிளாஸ்டிக் மக் ஒன்று விளிம்பு உடைந்து கிடந்தது. ஆய்வகம் என்பது பயன்பட்டுத் தேய்ந்திருக்க வேண்டும் என்று எனக்கு உறைத்தது அங்கேதான். இதை வைத்து எல்லா அரசுக் கல்லூரிகளும் இப்படி, எல்லாச் சுயநிதிக் கல்லூரிகளும் அப்படி என்று சொல்லிவிட முடியாது. சுவரும் ஒழுகி மோட்டாரும் துருப்பிடித்த இடங்களும் உண்டு, இரவு ஒன்பது மணி வரை ஆய்வகத்தைத் திறந்து வைக்கும் சுயநிதிக் கல்லூரிகளும் உண்டு. போய்ப் பார்க்காமல் தெரியாது என்பதே இதன் பொருள்.

வாயில் வளைவின் உச்ச ஊதியத்துக்கு மாற்று, அந்தக் கல்லூரியின் இணையதளத்திலேயே இருக்கிறது. மத்திய அரசு ஆண்டுதோறும் வெளியிடும் என்ஐஆர்எஃப் தரவரிசைக்கு விண்ணப்பித்த கல்லூரிகள் தாம் சமர்ப்பித்த விவரங்களைத் தம் தளத்தில் வெளியிட்டிருக்கும். எத்தனை பேர் சேர்ந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் உரிய காலத்தில் பட்டம் பெற்றார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, அவர்களின் இடைநிலை ஊதியம் எவ்வளவு, எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள் என்று ஆண்டுவாரியாக அதில் இருக்கும். இடைநிலை ஊதியம் என்பது வரிசையில் நடுவில் நிற்கும் மாணவரின் ஊதியம். நம் பிள்ளை வளைவில் படமாகப் போகிறவரா, நடுவில் நிற்கப் போகிறவரா என்று தெரியாத நிலையில், நடுவில் நிற்பவரின் நிலையைக் கேட்பதுதான் விவேகம். இந்த ஆவணத்தைத் தளத்தின் எந்த மூலையிலும் காண முடியாத கல்லூரியை நான் பட்டியலில் ஐந்து வரிகள் கீழே இறக்கிவிடுவேன்.

தூரமும் ஒரு பாடப்பிரிவு போன்றதுதான். கல்லூரிப் பேருந்தில் போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி என்றால் நாளுக்கு மூன்று மணி நேரம். ஒரு செமஸ்டருக்குத் தொண்ணூறு வேலை நாள் என்று வைத்தால் எட்டு செமஸ்டர்களில் 2,160 மணி நேரம் சன்னலோரத்தில் தூங்கிக் கழிகிறது. விடுதி வசதி உள்ள சற்றுச் சுமாரான கல்லூரி, மூன்று மணி நேரப் பயணம் கேட்கும் நல்ல கல்லூரியை இந்த ஒரு கணக்கில் முந்திவிடக்கூடும்.

பிரிவு முந்த வேண்டிய இடமும் உண்டு. பிளஸ் டூ படிக்கும்போதே தானாக நிரல் எழுதிப் பழகி, அது ஓடாமல் போனால் தூக்கம் வராத பிள்ளைக்கு, எந்தக் கல்லூரி ஆனாலும் கம்ப்யூட்டர் சயின்ஸை மேலே வைக்கலாம். அவருக்குக் கல்லூரி ஒரு சாக்கு மட்டுமே. மற்றவர்கள் எல்லாம் அந்தப் பிரிவை வேலைக்கான வழியாகத்தான் கேட்கிறார்கள். என் அக்கா மகன் இரண்டாம் வகை. அதை அவனிடம் சொல்ல எனக்குத் தயக்கமாக இருந்தது. அக்காதான் பளிச்சென்று சொன்னாள்.

இரண்டில் ஒன்றைத்தான் தேர வேண்டும் என்ற நிலையும் முன்போல் இறுக்கமாக இல்லை. ஒரே காலத்தில் இரு பட்டங்கள் படிக்க 2022இல் யுஜிசி அனுமதி அளித்துவிட்டது. சென்னை ஐஐடி இணையவழியில் நடத்தும் தரவு அறிவியல் பட்டப்படிப்பில் ஜேஇஇ எழுதாமலேயே, சில வாரப் பாடமும் தகுதித் தேர்வும் முடித்துச் சேர முடியும். ட்ரிபிள் இ படிக்கும் மாணவர் மாலை நேரங்களில் அதைத் தொடரலாம். மத்திய அரசின் இணையவழிக் கல்வித் தளமான ஸ்வயத்தில், ஐஐடிகள் நடத்தும் என்பிடெல் பாடங்களைப் பார்க்கக் கட்டணம் இல்லை, தேர்வு எழுதினால் மட்டும் கட்டணம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையும் கூடுதலாக 18 கிரெடிட் எடுப்பவருக்கு மைனர் (வேறு பிரிவில் துணைப்பாடம்) அல்லது ஹானர்ஸ் (சொந்தப் பிரிவில் சிறப்புநிலை) என்ற அடையாளத்தைத் தருகிறது. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்நிபந்தனை முதல் ஆண்டில் அரியர் வைக்காமல் இருப்பது. எந்தக் கல்லூரியிலும் முதல் செமஸ்டரின் கணிதத் தாள்தான் பிள்ளைகளைச் சாய்க்கிறது. பள்ளியில் வினா-விடையாகப் படித்தவர்களுக்கு அங்கே கணக்கு வேறு முகம் காட்டுகிறது. இணைப்புக் கல்லூரியில் எழுத்துத் தாள்களுக்கு 40 மதிப்பெண் இன்டர்னல், 60 மதிப்பெண் செமஸ்டர் தேர்வு. அந்த 40ஐ ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களின் சிறு தேர்வுகளில் அலட்சியமாக விட்டுவிட்டு டிசம்பரில் 60ஐ வைத்து ஈடுகட்டப் பார்ப்பதுதான் வழக்கமான தவறு.

அன்றிரவு பட்டியலைப் பூட்டும்போது முதல் ஆறு வரிகளில் அரசு, உதவி பெறும் கல்லூரிகளின் ட்ரிபிள் இ, ஈசிஇ (மின்னணு, தகவல்தொடர்புப் பொறியியல்) பிரிவுகள் இருந்தன. சென்னைக் கல்லூரி ஏழாம் வரிக்கு இறங்கியிருந்தது. மூன்றாம் வரியில் இருந்த அரசுக் கல்லூரி ஒதுக்கீடானது. முதல் செமஸ்டர் கணிதத்தில் அரியர் விழுந்தது, அடுத்த முறை எழுதித் தேறினான். ஐஐடியின் தகுதித் தேர்வில் ஒரு முறை தவறி, மறுமுறை சேர்ந்தான். சென்ற தீபாவளிக்கு வந்திருந்தபோது, அதே கூடத்தில், அந்த ஏழாம் வரியை மேலேயே விட்டிருக்கலாமோ என்று கேட்டான். அத்தான் செய்தித்தாளில் இருந்து தலையைத் தூக்கவில்லை. பள்ளித் தோழன் ஒருவன் அந்தக் கல்லூரியில்தான் படிக்கிறான், அவன் வகுப்பில் மட்டும் எழுபது பேர் என்று அக்கா மகனே சிறிது நேரம் கழித்துச் சொன்னான்.