பழைய ஃபியட் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு: எடைச் சீட்டைக் காட்டி என்னை ஏமாற்றினார்கள்

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் பழைய ஃபியட், அம்பாசடர், ஹெரால்டு வைத்திருப்பவர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள். அவர்களில் யாராவது டிராக் பந்தயத்துக்காக, அதாவது நின்ற இடத்திலிருந்து நேர்க்கோட்டில் 402 மீட்டர் (கால் மைல்) சீறிப் போகும் பந்தயத்துக்காக, வண்டியின் எடையைக் குறைக்க நினைத்தால், பட்டறைக்காரரிடம் சாவியைக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு 1,85,000 ரூபாய் போனது. அதைவிடப் பெரிய இழப்பு, நைனாவின் வண்டி. எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் அழைப்போம்.

அது 1973ஆம் ஆண்டு வண்டி. ஆர்.சி. புத்தகத்தில் பிரீமியர் பிரசிடெண்ட் என்று இருக்கும். பத்மினி என்ற பெயர் அதற்கு அடுத்த ஆண்டுதான் வந்தது. பெயர் எதுவானாலும் எங்கள் தெருவுக்கு அது ஃபியட்தான். ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் கணக்கராக இருந்த நைனா, 1986இல் ஒரு டாக்டரிடமிருந்து அதை வாங்கினார். சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் கார் பந்தயம் நடந்துகொண்டிருந்த காலம் அது. அந்த வண்டியில்தான் என்னை அங்கே அழைத்துப் போவார். பந்தயத்தில் சீறிப் போகும் ஃபியட்டும் நாங்கள் வீடு திரும்பும் ஃபியட்டும் ஒன்றுதானா என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வருவேன். 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே தளம் வந்துவிட்டது. எங்கள் ஊரிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டர். நைனா காலமான பிறகு, அவர் வண்டியை ஒரு தடவையாவது அங்கே 402 மீட்டர் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை என்னைப் பிடித்துக்கொண்டது.

ஃபியட்டின் எஞ்சின் 1089 சிசி. குதிரைத்திறன் நாற்பதை ஒட்டித்தான் இருக்கும். எஞ்சினைத் தொட்டால் செலவுக்கு எல்லை கிடையாது. எடையைக் குறைப்பது மலிவான வழி என்பதில் தவறில்லை. திறன் மாறாமல் எடை மட்டும் 10 சதவீதம் குறைந்தால், அந்த 402 மீட்டரைக் கடக்கும் நேரம் தோராயமாக மூன்றரை சதவீதம் குறையும். 22 வினாடி எடுக்கும் வண்டிக்கு அது முக்கால் வினாடி. டிராக் பந்தயத்தில் முக்கால் வினாடி மிகப் பெரியது. இந்தக் கணக்கை எனக்குச் சொன்னவர் அந்தப் பட்டறைக்காரர்தான். சரியான கணக்கைச் சொன்னதால்தான் அவரை நம்பினேன்.

190 கிலோ குறைத்துத் தருவதாகச் சொன்னார். பின் சீட்டை எடுப்பது, தரையில் சத்தம் கேட்காமல் இருக்க ஒட்டியிருக்கும் தார் ஷீட்டைச் சுரண்டுவது, பம்பர்களைக் கழற்றுவது, இரும்பு பானெட்டுக்குப் பதில் ஃபைபர், கதவுக் கண்ணாடிகளுக்குப் பதில் பாலிகார்பனேட், உள்ளே ஓட்டுநரைக் காக்கும் ரோல் கேஜ் எனும் குழாய்க் கூண்டு என்று பட்டியல் போட்டார். உடம்பை வெட்டுவது பற்றி ஒரு வார்த்தை இல்லை. "வேலைக்கு முன் எடை, வேலைக்குப் பின் எடை, இரண்டுக்கும் சீட்டு தருகிறேன் சார். கிலோ குறையவில்லை என்றால் காசு வேண்டாம்" என்றார். இந்தப் பேச்சில்தான் விழுந்தேன்.

வண்டியை எடுத்துப்போக ஆட்கள் காலை ஆறு மணிக்கே வந்துவிட்டார்கள். நான் அலுவலகம் போக வேண்டியிருந்ததால் கூடப் போகவில்லை. எட்டு மணிக்கு வாட்ஸ்அப்பில் எடைமேடைச் சீட்டு வந்தது: 1010 கிலோ. இந்த வண்டிக்குக் கம்பெனி கொடுத்த எடை ஏறக்குறைய 895 கிலோ என்பது எனக்குத் தெரியும். கேட்டேன். "ஐம்பது வருஷ வண்டி சார். நாலு தடவை பெயிண்ட், அதற்கடியில் பட்டி, எல்லாம் எடைதானே" என்றார். பட்டி எவ்வளவு அப்பினாலும் 115 கிலோ ஏறாது. அன்று அதை யோசிக்கவில்லை.

மூன்று வாரம் என்று சொன்ன வேலை பதினான்கு வாரம் இழுத்தது. கடைசியில் இரண்டாவது சீட்டோடு வண்டி வந்தது: 820 கிலோ. சொன்னபடியே 190. மீதிப் பணத்தை அன்றைக்கே எண்ணிக் கொடுத்தேன்.

இப்போது அந்த முதல் சீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தக் காலத்து எடைமேடைகளில் சீட்டின் ஓரத்தில் வண்டியின் படமும் அச்சாகிவிடுகிறது, தபால்தலை அளவில், கருப்பு வெள்ளையில். ஒரு நாள் இரவு இரண்டு சீட்டுகளையும் மேசை விளக்கின் கீழ் வைத்து, நைனாவின் பூதக்கண்ணாடியால் பார்த்தேன். இரண்டாவது சீட்டில் வண்டி காலி. முதல் சீட்டில் பின் கண்ணாடிக்குள் இரண்டு உருண்டைகள் தெரிந்தன. நிழல் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒன்றுக்குக் காது இருந்தது. காலையில் வண்டி எடுக்க வந்த பட்டறைப் பையன்கள் இருவரும் பின் சீட்டில் உட்கார்ந்தபடியே வண்டி எடை போடப்பட்டிருக்கிறது. அதுவே 110 கிலோ.

மறுநாள் வாலாஜாபேட்டைப் பக்கம் லாரிகள் எடை போடும் மேடைக்கு நானே வண்டியை ஓட்டிப் போனேன். முதல் எடைக்கு முந்தைய நாள் நான் நிரப்பிய அளவுக்கே பெட்ரோல் போட்டு, ஸ்டெப்னியையும் ஜாக்கியையும் திரும்ப வைத்து, நான் இறங்கி நின்று எடுத்த எடை 860. அந்த மேடை பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டும். ஐந்து கிலோ இப்படியோ அப்படியோ இருக்கலாம். அவர்கள் தந்த 820, பெட்ரோல் டாங்கியை வற்றவிட்டு, ஸ்டெப்னியைக் கழற்றி எடுத்தது. 30 லிட்டர் பெட்ரோலே 22 கிலோ. ஆக, உண்மையில் குறைந்தது ஏறக்குறைய 40 கிலோ. அதைப் பட்டறைக்காரர் சொன்ன நேரக் கணக்கில் போட்டால் மூன்றில் ஒரு பங்கு வினாடிகூடத் தேறாது.

பணம் போனதைத் தாங்கிக்கொள்வேன். அந்த நாற்பது கிலோவை எங்கிருந்து எடுத்தார்கள் என்று தெரிந்த அன்றுதான் எனக்குத் தூக்கம் போனது.

வண்டியைப் பந்தயத்துக்குக் கொண்டு போனேன். ஓடுவதற்கு முன் வண்டிகளைச் சோதிக்கும் அலுவலர் உள்ளே குனிந்து பார்த்தார், ரோல் கேஜைத் தட்டினார், கீழே படுத்து டார்ச் அடித்தார். எழுந்து வந்து, "இதை நீங்கள் ஓட்டக்கூடாது. பந்தயத்தில் மட்டுமல்ல, சாலையிலும் ஓட்டாதீர்கள்" என்றார். அவர் குரலில் கடுமை இல்லை. அந்த மனிதருக்கு நான் நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

வண்டியை லாரியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, என் தாய்மாமாவைக் கூப்பிட்டேன். ராணிப்பேட்டை பெல் ஆலையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ரோல் கேஜின் ஒரு முனை டாஷ்போர்டுக்குப் பின்னால் மூடப்படாமல் இருந்தது. அதற்குள் விரலை விட்டுத் தடவிவிட்டு, "இங்கே தொட்டுப் பார், மாப்பிள்ளை" என்றார். உள்ளே நீளவாக்கில் ஒரு கோடு, தழும்பு மாதிரி விரலில் தட்டியது. தகட்டைச் சுருட்டி ஒட்டிய குழாய். கேட்டுக்கும் ஜன்னல் கிரில்லுக்கும் போடுவது. கனம் 1.6 மில்லிமீட்டர். உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் விதிப்படி கேஜின் முக்கிய வளைவுக்கு ஒட்டில்லாத எஃகுக் குழாய் வேண்டும். 45 மில்லிமீட்டர் விட்டம் என்றால் 2.5 மில்லிமீட்டர் கனம், 50 என்றால் 2 மில்லிமீட்டர். கால் ஊன்றும் இடத்தில் 3 மில்லிமீட்டர் தகட்டை உடம்போடு வெல்டு செய்து, அதன்மேல்தான் போல்ட் போட வேண்டும். எங்கள் வண்டியில் மெல்லிய தரைத் தகட்டிலேயே நேராக இரண்டிரண்டு போல்ட். வண்டி புரண்டால் அந்தக் கால்கள் தரையைக் குத்திக்கொண்டு வெளியே போகும், கேஜ் ஓட்டுகிறவன் தலையில் இறங்கும் என்றார் மாமா.

பிறகு கதவைத் திறந்து, கதவுக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் தகட்டு விளிம்பான சில்லுக்குக் கீழே ஜாக்கி வைத்துத் தூக்கினார். கதவை மூடச் சொன்னார். மூடவில்லை. மேல் மூலையில் இடித்தது. கீழ் மூலையில் ஐந்து ரூபாய் நாணயம் நிற்கும் அளவுக்கு இடைவெளி விழுந்திருந்தது. ஜாக்கியை இறக்கியதும் பழையபடி மூடியது. வண்டியின் இடுப்பு ஒடிந்துவிட்டது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஹெரால்டு போன்ற வண்டியில் தனியாக அடிச்சட்டம் (சேஸிஸ்) உண்டு. உடம்பு அதன்மேல் உட்கார்ந்திருக்கும். ஃபியட்டில் அப்படி இல்லை. தரை, இரு பக்கத்துச் சில், தூண்கள், கூரை எல்லாம் சேர்ந்துதான் சட்டம். எங்கள் வண்டியில் இரண்டு பக்கமும் உள் சில்லில் எலுமிச்சம்பழ அளவில் வரிசையாக ஓட்டை போட்டிருந்தார்கள். பின் சீட்டுக்கும் டிக்கிக்கும் நடுவில் இருந்த தடுப்புத் தகட்டை கேஸ் கட்டரால் முழுதாக அறுத்து எடுத்திருந்தார்கள். மேலே தரைவிரிப்பு போட்டு மறைத்திருந்ததால் என் கண்ணில் படவே இல்லை. இத்தனை வெட்டுக்கும் குறைந்தது பத்துக் கிலோ தேறுமா என்பது சந்தேகம் என்றார் மாமா.

அறுத்த இடமும் தப்பு. ஃபியட்டில் பின் சக்கரம்தான் உந்தும். புறப்படும் நொடியில் பின் டயரின் மேல் பாரம் வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் முன்பக்கத்தில் கை வைப்பார்கள், பேட்டரியைக்கூட டிக்கிக்கு மாற்றுவார்கள். எங்கள் பேட்டரி பானெட்டுக்குக் கீழே பழைய இடத்திலேயே இருக்கிறது.

பாலிகார்பனேட் என்று காசு வாங்கி மாட்டியது அக்ரிலிக். வேலூர் வெயிலில் ஒரு மாதம் நின்றதும், திருகாணி போட்ட ஓட்டைகளிலிருந்து நட்சத்திரம் போல விரிசல் ஓடிவிட்டது. பாலிகார்பனேட் அடி வாங்கினாலும் எளிதில் உடையாது. அக்ரிலிக் கூரான துண்டுகளாக உடையும், அதுவும் முகத்துக்குப் பக்கத்தில்.

கழற்றிய சாமான்களைக் கேட்டேன். இரும்பு பானெட், குரோம் மின்னும் இரண்டு பம்பர், கதவுக் கண்ணாடிகள், பின் சீட்டு. "பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டோம் சார், அதெல்லாம் வேண்டுமா என்று நீங்கள் சொல்லவில்லையே" என்றார். ஒட்டுப் போடாத ஃபியட் பம்பருக்கு என்ன மதிப்பு என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது. கழற்றும் ஒவ்வொன்றையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று முதல் நாளே எழுதி வாங்கியிருக்க வேண்டும். நீங்கள் எழுதி வாங்குங்கள். எடை போடும்போது வண்டிக்குப் பக்கத்தில் நில்லுங்கள். தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது, அது எனக்கு முன்பே தெரியாமல் போனது. 2021இல் வந்த மத்திய அரசு விதிப்படி, முதல் பதிவாகி ஐம்பது ஆண்டு தாண்டிய காரை விண்டேஜ் வண்டியாகப் பதிவு செய்து 'விஏ' எண் வாங்கலாம். எங்கள் வண்டி 2023இலேயே அந்த வயதுக்கு வந்துவிட்டது. ஆனால் அடிச்சட்டம், உடம்பு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல் கம்பெனி கொடுத்தபடியே இருந்தால்தான் தருவார்கள். கேஸ் கட்டர் பட்ட வண்டிக்கு அந்தக் கதவும் மூடிவிட்டது. வண்டியின் உடம்பை மாற்றிச் சாலையில் ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின் கீழும் சிக்கல்.

நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை; வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்; நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். இரண்டு எடைச் சீட்டு, பெரிதாக்கிய அந்தப் படம், நானே எடுத்த மூன்றாவது சீட்டு, மாமா வெட்டிக் கொடுத்த ஒரு சாண் கேஜ் குழாய் எல்லாவற்றையும் சேர்த்திருக்கிறேன். வழக்கு நடப்பதால் பட்டறையின் பெயரை இங்கே எழுதவில்லை.

வண்டி இப்போது எங்கள் வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது. மாமா ஞாயிறுதோறும் வந்து சில்லுக்குத் தகடு வெட்டி வெல்டு செய்கிறார். இடப்பக்கம் முடிந்துவிட்டது, ஜாக்கியில் தூக்கினாலும் அந்தப் பக்கத்துக் கதவு மூடுகிறது. வலப்பக்கம் இன்னும் மூன்று வாரம் ஆகும். 1973 மாடலுக்குப் பொருந்தும் இரும்பு பானெட்டோ முன் பம்பரோ யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். நியாயமான விலை கொடுத்து, நானே நேரில் வந்து எடுத்துக்கொள்கிறேன்.